தாத்தாவின் கேபினில் இருக்கும் மெஷினையும் பிலிமையும் மறுபடி ஓட்ட முடியுமா?

கேள்வி இதுதான். தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். தாத்தா நடத்திய தியேட்டரை 2012இல் மூடிவிட்டார்கள், ஆனால் இடிக்கவில்லை. மேலே ஆபரேட்டர் கேபினில் இரண்டு 35 எம்.எம். மெஷின்களும் மூன்று தகரப் பெட்டிகளில் பிலிமும் அப்படியே இருக்கின்றன. பாட்டிக்கு அடுத்த வருடம் 80 வயது. அன்றைக்கு அதே திரையில் ஒரு படம், முடியாவிட்டால் ஒரு ரீலாவது ஓட்டிக் காட்ட வேண்டும். என்னென்ன சாமான் வேண்டும், பிலிமை எப்படிக் கையாள வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்கிறார்.

ஓட்டலாம் தம்பி. நான் 26 வருடம் கேபினில் வேலை பார்த்தவன், அதனால் சொல்கிறேன். ஒரு வருடம் கையில் இருப்பதும் நல்லதாகப் போயிற்று. ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து கரண்ட் கொடுத்து, பெட்டியில் இருக்கும் ரீல் ஒன்றை மாட்டி, 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். மெஷின் கெட்டால் ரிப்பேர் செய்துவிடலாம். பிலிம் கிழிந்தால் கிழிந்ததுதான், அந்த இடத்துப் படம் திரும்பி வராது.

படம் ஓட்டுவது என்றால் எல்லோருக்கும் மெஷின்தான் ஞாபகத்துக்கு வரும். ஆபரேட்டருக்கு வேலை, பிலிமை ஒரு ஸ்பூலிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் சுற்றும் ரீவைண்டர் மேஜையில். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஹெட் ஆபரேட்டர் அண்ணாச்சி, எட்டு மாதம் என்னை மெஷின் பக்கமே விடவில்லை. மேஜையில் உட்கார வைத்து ரீல் சுற்ற விட்டார். வலது கையால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இடது கையின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிலிமின் இரண்டு ஓரமும் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். படத்தின் மேல் விரல் படக்கூடாது. கண்ணை மூடச் சொல்லுவார். ஒரு ரீல் சுற்றி முடித்ததும், எத்தனை ஒட்டு, எத்தனை இடத்தில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, எது புது ஒட்டு என்று கேட்பார். நான் சொன்னதை அவர் பிறகு சுற்றிச் சரிபார்ப்பார். முதல் இரண்டு மாதம் பாதிகூடச் சரியாக வரவில்லை. அப்புறம் விரலுக்கே புரிய ஆரம்பித்தது. ஒட்டு வந்தால் தடிப்பாகத் தட்டும். துளை கிழிந்திருந்தால் நகத்தால் கீறினதுபோல் லேசாகச் சுருக்கென்று இருக்கும்.

35 எம்.எம். பிலிமில் ஒரு ஃபிரேமுக்கு ஒரு ஓரத்தில் 4 துளை. ஒரு அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 64 துளை. 2000 அடி ஸ்பூல் ஒன்றில் ஒரு ஓரத்தில் மட்டும் 1,28,000 துளை. மெஷினின் பல் அத்தனையிலும் மாட்டி இழுக்கும். அதில் அடுத்தடுத்து நாலைந்து துளை கிழிந்திருந்தால் போதும், அந்த இடத்தில் படம் குதிக்கும், இல்லையென்றால் அறுந்துவிடும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் இடம் ரீவைண்டர் மேஜை ஒன்றுதான்.

முதலில் உங்கள் பெட்டிகளில் இருப்பது எந்த வகை பிலிம் என்று தெரிய வேண்டும். மூன்று வகை உண்டு.

பழையது நைட்ரேட். 1950களின் தொடக்கம்வரை இதில்தான் படங்கள் வந்தன. பருத்தியையும் அமிலத்தையும் சேர்த்துச் செய்த இந்தப் பிலிம் வெடிமருந்துக்கு அண்ணன் தம்பி மாதிரி. எரிவதற்குத் தேவையான பிராணவாயு அதற்குள்ளேயே இருப்பதால், ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் மண்ணைப் போட்டாலும் அணையாது. உங்கள் தாத்தா கேபினில் படம் காட்டும் ஜன்னல்களுக்கு மேல் இரும்பு மூடி தொங்குகிறதா பாருங்கள். தீப்பிடித்தால் சட்டென்று விழுந்து அடைப்பதற்கு வைத்தது அது. இப்படி மூடி வைக்க வேண்டும் என்ற விதிகளெல்லாம் நைட்ரேட் காலத்துப் பயத்தில் வந்தவை. பயம் நியாயமானதுதான். 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் பிலிம் வைத்திருந்த கிட்டங்கியில் தீப்பிடித்து, தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பழைய படங்கள் ஏராளமாக அழிந்தன. உங்களிடம் 1950க்கு முந்தைய ரீல் இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் பிலிமின் ஓரத்தில் பொடி எழுத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். 'சேஃப்டி' என்ற ஆங்கில வார்த்தை இருந்தால் பயமில்லை. 'நைட்ரேட்' என்று இருந்தாலோ, ஒன்றுமே இல்லாமல் பிலிம் பிசுபிசுத்துப் பழுப்புப் பொடியாக உதிர்ந்தாலோ மூடியை மூடிவிட்டு, மற்றப் பெட்டிகளிலிருந்து தள்ளி, வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு, காப்பகத்தாரிடம் பேசுங்கள். பார்சலில் அனுப்பக்கூடாது, பஸ்ஸில் ஏற்றக்கூடாது. ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்க்கச் சொல்லும் ஆட்களும் இருப்பார்கள், கேட்காதீர்கள்.

இரண்டாவது அசிடேட். நம் ஊர்த் தியேட்டர்களில் கிடக்கும் பிலிமில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இது எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் புளிக்கும். வெக்கையிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கிடந்தால் பிலிமே சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். மூடியைத் திறந்ததும் ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் நெடி மூக்கில் ஏறினால் அதுதான். அந்த நெடி ஒரு ரீலில் ஆரம்பித்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல ரீலையும் கெடுக்கும். அதனால் மூன்று பெட்டியையும் திறந்து, நெடி அடிப்பதை வேறு அறைக்கு மாற்றுவது முதல் வேலை. மூக்கை நம்பாதவர்களுக்கு நீலநிறக் காகிதப் பட்டை உண்டு. அமெரிக்காவில் ராச்செஸ்டரில் இருக்கும் ஒரு நிலையம் தயாரிக்கிறது, காப்பகங்களில் எல்லாம் அதைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். டப்பாவுக்குள் ஒரு நாள் வைத்தால், அமிலம் ஏற ஏற நீலம் பச்சையாகும், பிறகு மஞ்சளாகும்.

மூன்றாவது பாலியெஸ்டர். 1990களின் பிற்பகுதியிலிருந்து வந்த பிரின்ட்டுகள் இதில் இருக்கும். சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓரங்களின் வழியே வெளிச்சம் கசிந்து தெரிந்தால் பாலியெஸ்டர், இருட்டாக இருந்தால் அசிடேட். இதை ஏன் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், ஒட்டுப் போடும் முறையே வேறு. அசிடேட்டைப் பிலிம் சிமென்ட் என்ற பசை போட்டு ஒட்டலாம். பாலியெஸ்டரில் சிமென்ட் பிடிக்காது, டேப் ஒட்டுத்தான். இன்னொன்றும் உண்டு. அசிடேட் சிக்கினால் அறுந்துபோகும். பாலியெஸ்டர் அறாது. மெஷினின் ரோலரையும் பல்லையும் வளைத்துவிடும்.

சரி, மேஜைக்கு வருவோம். வாங்க வேண்டிய சாமான் அதிகமில்லை. கையால் சுற்றும் ரீவைண்டர் ஒரு ஜோடி உங்கள் கேபினிலேயே கிடக்கும், அநேகமாக மேஜையோடு போல்ட் போட்டிருப்பார்கள். பேரிங்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஆடாமல் இறுக்குங்கள். இரண்டுக்கும் நடுவே பால் கண்ணாடிப் பலகை ஒன்றைப் பதித்து அடியில் ஒரு எல்.இ.டி. பல்பு வைத்தால் படத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றலாம். ஒரு பூதக்கண்ணாடி, நூல் பிரியாத மென்மையான வெல்வெட் துணி, வளையாத ஸ்பூல்கள் வேண்டும். ஸ்பூல் விளிம்பு நெளிந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிலிமின் ஓரத்தை அறுக்கும், அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

காசு செலவழிக்க வேண்டியது, பிலிமை வெட்டி ஒட்டும் ஸ்பிளைசர் கருவிக்குத்தான். டேப் ஸ்பிளைசரில் இத்தாலியின் சி.ஐ.ஆர். வகை உலகம் முழுக்க ஓடியது. லியோ கட்டோஸோ என்ற படத்தொகுப்பாளர் கண்டுபிடித்தது அது. பிலிமை ஊசிகளில் மாட்டி, ஃபிரேம் கோட்டில் வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்து டேப்பை இழுத்து ஒரு அமுக்கு அமுக்கினால் துளைகளையும் அதுவே போட்டுவிடும். எடிட்டிங் ரூம்களை மூடியவர்களிடம் பழையது கிடைக்கும். வாங்கும்போது அதிலேயே ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள். ஊசிகள் நேராக இருக்கிறதா, டேப்பில் துளை சுத்தமாக விழுகிறதா என்பது மட்டும்தான் முக்கியம்.

சாதாரண செல்லோ டேப்பை மட்டும் பிலிமில் ஒட்டிவிடாதீர்கள். ஒரு தீபாவளி ரிலீஸ் முடிந்து இரண்டாம் ரவுண்டுக்கு எங்களுக்கு ஒரு பெட்டி வந்தது. முந்தைய ஊரில் யாரோ ஒன்பது இடத்தில் கடைச் செல்லோ டேப்பால் ஒட்டியிருந்தார்கள். வெயிலில் பசை உருகி அடுத்த சுற்றின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டி வந்து சேர்ந்ததே மாலைக் காட்சிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, பார்க்க நேரமில்லை. மூன்றாவது ரீலில் சுருள் பிரியாமல் இழுத்து, நாற்பது அடி வரிசையாகத் துளை கிழிந்தது. அன்றிரவு அண்ணாச்சியும் நானும் அந்த ஒன்பது ஒட்டையும் பிரித்து, பசையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மறுபடி ஒட்டி முடிக்கும்போது மணி நான்கு. அந்த நாற்பது அடியில் இருந்த பாட்டின் நடுப்பகுதி அந்தப் பிரின்ட்டில் அதற்கப்புறம் எந்த ஊரிலும் வந்திருக்காது.

அசிடேட் ஒட்டு போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பிலிமின் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கும். மங்கலான பக்கம்தான் படம் இருக்கும் பக்கம். சந்தேகமாக இருந்தால் நுனியை உதட்டில் தொட்டுப் பாருங்கள், படம் இருக்கும் பக்கம் லேசாக ஒட்டும். ஒரு முனையில் அந்த மேற்பூச்சை மெல்லிய பட்டையாகச் சுத்தமாகச் சுரண்டி, அடிப் பிலிம் கண்ணாடிபோல் தெரிந்ததும் சிமென்ட்டை ஒரே இழுப்பாகத் தடவி, மறுமுனையை வைத்து அமுக்கி இருபது வரை எண்ண வேண்டும். சுரண்டுவதில் மிச்சம் இருந்தால் ஒட்டு விட்டுவிடும், ஆழமாகச் சுரண்டினால் அங்கேயே ஒடியும். துளைக் கணக்கு தப்பக்கூடாது. ஒரு துளை கூடினாலும் குறைந்தாலும் திரையில் நடிகரின் கால் மேலேயும் தலை கீழேயுமாகப் படம் பிரிந்து நிற்கும். ஒட்டு இருக்கும் இடத்தில் ஒலிப்பட்டையில் கறுப்பு மையால் ஒரு சின்ன முக்கோணம் தீட்டிவிட்டால் 'டப்' என்ற சத்தம் வராது. இப்படி வெட்டியெடுத்த துண்டுகள்தான் எங்கள் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் போய்ச் சேரும். தண்ணீர் ஊற்றிய பல்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, கதவிடுக்கில் வரும் வெயில் என்று அவர்கள் வீட்டிலேயே கொட்டகை கட்டிவிடுவார்கள்.

சுற்றும்போது கவனிக்க இன்னும் ஒன்று. ரீல் தளர்ந்திருக்கிறது என்று நுனியைப் பிடித்து இழுத்து இறுக்காதீர்கள். பிலிமில் மழை பெய்வதுபோல் கோடுகள் விழுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இருக்கும் தூசி உப்புத்தாளாக உரசிவிடும். தளர்ந்த ரீலை மெதுவாக இன்னொரு ஸ்பூலுக்கு, ஒரே சீரான இழுவையில் மாற்றிச் சுற்றுங்கள். முதல் தடவை 2000 அடிக்கு முக்கால் மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. தூசியை வெல்வெட் துணியை மடித்து லேசாகப் பிடித்துத் துடைத்தால் போதும். தண்ணீர் படவே கூடாது. அந்தக் காலத்தில் கார்பன் டெட்ராகுளோரைடு ஊற்றித் துடைப்போம். பிலிம் பளிச்சென்று ஆகும், ஆனால் அது ஈரலைக் கெடுக்கும் விஷம். பழைய பாட்டில் கேபினில் இருந்தால் திறக்காதீர்கள்.

கடைசியாகச் சுருக்கம் பார்க்க வேண்டும். பழைய பிலிம் காய்ந்து நீளத்தில் சுருங்கும். அளக்கும் கருவி உண்டு, ஆனால் அது இல்லாமலும் பார்க்கலாம். சுருங்காத புதிய பிலிம் துண்டு ஒன்று, அரை மீட்டர் போதும். மேஜையில் அதையும் உங்கள் பிலிமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் துளையைச் சேர்த்துப் பிடித்து, நூறாவது துளைவரை எண்ணிக்கொண்டு போங்கள். நூறாவதில் இரண்டும் நேருக்கு நேர் நின்றால் நல்லது. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைவரை உள்ள தூரத்தில் பாதி விலகியிருந்தால் அரை சதவீதம் சுருங்கியிருக்கிறது, பார்த்து ஓட்டலாம். ஒரு துளை விலகி நின்றால் ஒரு சதவீதம். அந்த ரீலை மெஷினில் மாட்டவே கூடாது. பல்லுக்கும் துளைக்கும் பொருந்தாமல் ஒவ்வொரு துளையாகக் கிழித்துக்கொண்டே போகும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, எந்தப் படம் என்று பாருங்கள். வேறெங்கும் பிரதி கிடைக்காத படமோ, உங்கள் ஊர்த் திருவிழாவை யாரோ எடுத்த துண்டோ, உள்ளூர்க் கடை விளம்பரமோ இருந்தால், அதை ஓட்டாதீர்கள் என்பது என் கருத்து. பிரின்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. எந்த மெஷினில் ஓட்டினாலும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிலிம் கொஞ்சம் தேயும். அப்படிப்பட்டதை ஸ்கேன் செய்துவிட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். ஊரெல்லாம் ஓடிய படத்தின் இரண்டாவது பிரின்ட் என்றால் தைரியமாக ஓட்டலாம். 1980களின் தொடக்கத்துக்கு முந்தைய கலர்ப் பிரின்ட் என்றால் முழுக்க இளஞ்சிவப்பாக வெளிறியிருக்கும், நீலமும் பச்சையும் போயிருக்கும். அது உங்கள் தவறோ மெஷினின் தவறோ கிடையாது, அந்தக் காலத்துச் சாயம் அப்படி. பாட்டி வருத்தப்படாமல் இருக்க முன்பே சொல்லி வையுங்கள். கறுப்பு வெள்ளை என்றால் இன்றைக்கும் பால்போல இருக்கும்.

இனி மெஷின். நம் பக்கம் பெரும்பாலும் போட்டோபோன், வெஸ்ட்ரெக்ஸ், சிம்ப்ளெக்ஸ் என்றுதான் இருக்கும். பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். பிலிம் ஒரே சீராக ஓடுவதில்லை. நொடிக்கு 24 தடவை நின்று நின்று நகர்கிறது. அதைச் செய்வது மால்டீஸ் கிராஸ் என்ற சிலுவைச் சக்கரம். நகரும்போது ஷட்டர் வெளிச்சத்தை மறைக்கிறது, நிற்கும்போது திறக்கிறது. அந்தச் சிலுவைச் சக்கரம் எண்ணெய்க்குள் மூழ்கியே ஓட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் நின்ற மெஷினில் எண்ணெய் கோந்தாகியிருக்கும். அதை வடித்து, கழுவி, புது எண்ணெயை அளவுக் கண்ணாடியில் குறி வரைக்கும் ஊற்றிய பிறகுதான் மோட்டாரைத் தொட வேண்டும். அதற்கும் முன்னால், கையால் சுற்றும் குமிழைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது பிடித்தால் வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள்.

பல் சக்கரங்களைப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பல் நேராக நிற்காமல் கொக்கிபோல் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், நல்ல பிலிமையும் அது கிழிக்கும். சில மெஷின்களில் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, தேயாத பக்கத்தைப் பயன்படுத்தலாம். பிலிம் நின்று வெளிச்சம் வாங்கும் கேட்டில், பழைய பிலிமிலிருந்து உரிந்த பூச்சு கல்லாகப் படிந்திருக்கும். மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள். ஸ்குரூ டிரைவரை வைத்தால் அங்கே விழும் ஒரு கீறல், ஓடும் எல்லாப் படத்திலும் நெடுங்கோடாக விழும். ரப்பர் பெல்ட், வயர், ஆம்ப்ளிஃபயரின் கெப்பாசிட்டர்கள் எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். ஸ்பீக்கரை எலி விட்டுவைத்திருக்காது.

விளக்கில்தான் உயிர் ஆபத்து இருக்கிறது, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கார்பன் ஆர்க் விளக்கு என்றால், செம்பு பூசிய இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரிவது. கண்ணால் நேராகப் பார்க்கக்கூடாது, புகைபோக்கி அடைபடாமல் இருக்க வேண்டும். குச்சிகள் கிடைப்பது இப்போது சிரமம். செனான் பல்பு என்றால், அது அணைந்து ஆறிக் கிடக்கும்போதும் உள்ளே வாயு வெளிக்காற்றைப்போலப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கும். கைதவறினால் குண்டுபோல் வெடிக்கும். முகத்தை முழுதாக மூடும் கவசமும் கனமான கையுறையும் தோல் மேலங்கியும் இல்லாமல், மெஷினில் பல்பு இருக்கும் பெட்டியான விளக்கு வீட்டின் கதவைத் திறக்காதீர்கள். கண்ணாடியில் வெறும் விரல் பட்டால் அந்த எண்ணெய்ப் பிசுக்கிலேயே சூடேறும்போது விரிசல் விடும். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் பல்பு அந்த நிமிடமே போய்விடும். எத்தனை மணி நேரம் எரிந்தது என்று தெரியாத பழைய பல்பைக் கொளுத்தவே வேண்டாம். அனுபவமுள்ள மெக்கானிக்கை வைத்துக் கழற்றிப் புதியது போடுங்கள். ஒரு காட்சிக்காகத்தானே, சின்ன வாட் பல்பு போதும் என்றால், பழைய விளக்கு வீட்டில் எல்.இ.டி. பொருத்திக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் குடும்பத்தோடு கேபினுக்கு ஏறிப் பார்க்கலாம். உங்கள் நிலைமையில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

மெஷின் தயாரானதும் உங்கள் ரீலை மாட்டாதீர்கள். ஒன்றுக்கும் உதவாத விளம்பரத் துண்டு நாலு அடியை வளையமாக ஒட்டி, விளக்கு இல்லாமல் ஐந்து நிமிடம் சுற்றவிடுங்கள். பிறகு எடுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புதுக் கோடு விழுந்திருந்தால் எந்த ரோலர் சுற்றாமல் நிற்கிறது என்று தேட வேண்டும். துளையின் ஓரம் நசுங்கியிருந்தால் கேட்டின் அழுத்தம் அதிகம்.

லூப் விடுவதில் கவனம் வேண்டும். கேட்டுக்கு மேலேயும் கீழேயும் பிலிம் தளர்ந்து வளைந்து நிற்க வேண்டும். மேல் லூப் சின்னதாகிவிட்டால் பிலிம் அறும். கீழ் லூப்பின் அளவு ஒலியோடு சம்பந்தப்பட்டது. படத்துக்குரிய ஒலி அந்த ஃபிரேமிலேயே இருக்காது, 21 ஃபிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். கேட்டுக்கும், கீழே எக்சைட்டர் விளக்கு ஒலியைப் படிக்கும் இடத்துக்கும் நடுவே சரியாக 21 ஃபிரேம் இருந்தால் உதடும் பேச்சும் ஒத்துப்போகும்.

ஒரு மெஷின்தான் தேறியது என்றாலும் கவலைப்படாதீர்கள். 1000 அடி ரீல் 11 நிமிடம் ஓடும், 2000 அடி ஸ்பூல் 22 நிமிடம். இரண்டு மெஷின் இருந்தால், ஸ்பூல் முடிய 8 நொடி இருக்கும்போது வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும், அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். முடிய ஒரு நொடி இருக்கும்போது இரண்டாவது புள்ளி வரும், மாற்றிவிட வேண்டும். ஒரே மெஷின் என்றால் ஸ்பூலுக்கு ஸ்பூல் விளக்குப் போட்டு இடைவேளை விடுங்கள். டூரிங் டாக்கீஸில் அப்படித்தான் மூன்று, நான்கு இடைவேளை விட்டு ஓட்டினார்கள். 1905இல் திருச்சியில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ஒரு மெஷினையும் கொஞ்சம் பிலிமையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். பாட்டிக்கும் அந்த இடைவேளைகள் பழகினவையாகத்தான் இருக்கும்.

பிரின்ட் கையில் இருப்பதால் படத்தைக் காட்டும் உரிமை வந்துவிடாது. வீட்டு ஆட்களுக்கு மட்டும் காட்டுவது வேறு, ஊரைக் கூட்டிக் காட்டுவது வேறு. ஊரைக் கூட்டுவதென்றால் பட உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள், அரங்கு உரிமம், தீயணைப்பு விஷயங்களைத் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது? மெஷினுக்கு, உங்கள் மாவட்டத்தில் தியேட்டர்களுக்கு சர்வீஸ் பார்த்த பழைய மெக்கானிக்குகளைத் தேடுங்கள். 2005 வாக்கில் பிலிம் இல்லாமல் டிஜிட்டலில் படம் காட்டும் க்யூபும் யு.எஃப்.ஓ.வும் வந்து, அடுத்த எட்டுப் பத்து வருடத்தில் ரீல் பெட்டியே நின்றுபோன பிறகு அவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஆனால் கூப்பிட்டால் வருவார்கள், ஆசையாகவே வருவார்கள். உதிரி பாகம் புதிதாகக் கிடைக்காது. மூடிய தியேட்டர்களின் மெஷின்களில் இருந்துதான் கழற்ற வேண்டும், அதனால் உங்கள் இரண்டாவது மெஷினை யாருக்கும் விற்றுவிடாதீர்கள். ஸ்கேன் செய்வதற்கு சென்னையில் பிரசாத் நிறுவனம் இருக்கிறது, பழைய படங்களைச் சீரமைக்கும் வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்கள். அரிய பிலிம் என்றால் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள், 1964இலிருந்து அந்த வேலைக்காகவே இருக்கும் இடம். மும்பையில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற தனியார் அமைப்பும் இருக்கிறது. பிலிமைக் கையாளக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி முகாம்களை நடத்துகிறார்கள். 2017இல் சென்னையிலேயே நடத்தினார்கள். அடுத்த முகாம் எங்கே என்று விசாரித்துப் போய் வந்தால், நான் இங்கே எழுத்தில் சொன்னதையெல்லாம் கையால் செய்து பார்க்கலாம்.

பழைய பிலிம் எடுக்கிறோம் என்று ஆட்கள் வருவார்கள். கறுப்பு வெள்ளைப் பிலிமில் இருக்கும் வெள்ளியை எடுக்கக் கிலோ கணக்கில் வாங்கிக் கரைத்துவிடுவார்கள். நம் படங்கள் எத்தனையோ அப்படித்தான் போயின. எங்கள் தியேட்டர் மூடியபோது கேபினில் இருந்த பதினோரு டப்பாக்களை முதலாளி எடைக்குப் போட்டார். நான் அன்று ஊரில் இல்லை. அதில் அந்த வட்டாரத்தில் எடுத்த ஒரு தேர்த் திருவிழா ரீல் இருந்தது, அதை நான்தான் கடைசியாகச் சுற்றி வைத்திருந்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மேலே போங்கள். ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறங்கள். டப்பாக்களில் சுண்ணாம்புக்கட்டியால் நம்பர் எழுதுங்கள். எந்த நம்பரில் நெடி அடிக்கிறது, எதில் துரு இருக்கிறது, வெளியே என்ன படத்தின் பெயர் எழுதியிருக்கிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். நுனியில் ஒரு முழம் மட்டும் பிரித்து ஓரத்து எழுத்தைப் போட்டோ எடுங்கள். நெடி அடிப்பவற்றைத் தனியாக, மொட்டை மாடிக்குக் கீழே இல்லாத, வெயில் ஏறாத அறையில், டப்பாவைப் படுக்க வைத்து அடுக்குங்கள். நிறுத்தி வைத்தால் ரீல் ஒரு பக்கம் தொங்கிவிடும். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டிவிடாதீர்கள். அந்த நோட்டில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள். எந்த நம்பரை முதலில் மேஜையில் ஏற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.